பதினோரு முறை கால்வாயில் விழுந்தவர்

லெய்டன் நகரத்து வீட்ஸ்கா படம் எடுக்கிறவள். ஆனால் கேமராவைத் தொட்டதே இல்லை. பழைய சாமான் சந்தையில் ஊமைப்படக் காலத்துப் படச்சுருள்களைத் தேடிப் பிடிப்பாள். பூஞ்சை அரித்து உருவம் கரைந்த பகுதிகளை மட்டும் வெட்டி ஒட்டுவாள். பளிச்சென்று இருப்பதெல்லாம் குப்பைக்கு. ஊரார் அழுகலை நறுக்கி எறிந்துவிட்டு ஆப்பிளைத் தின்றால், இவள் ஆப்பிளை எறிந்துவிட்டு அழுகலைத் தட்டில் வைப்பாள். அதற்கும் கைதட்ட ஒரு கூட்டம் இருந்தது.

புதுப் படத்தில் ஒருவர் சைக்கிளோடு கால்வாயில் விழுகிறார். வேகமாக, மெதுவாக, தலைகீழாக என்று பதினோரு முறை விழுகிறார். திரையிட்டு முடித்ததும் வீட்ஸ்கா மேடையேறி, "பேரே தெரியாத இந்த மனுஷன்தான் நாம எல்லாரும்" என்று உருகினாள்.

"பேர் தெரியாம என்ன? ரொட்டிக்கடை லூபர்ட். எங்க அப்பா!"

மழைக்கு ஒதுங்க உள்ளே வந்திருந்த அலைடா என்ற கிழவி கடைசி வரிசையில் எழுந்து நின்றாள். கம்பளித் தொப்பியைக் கழற்றி, விசிறி போன்ற காதுகளைக் காட்டினாள். "இந்தக் காது வேற யாருக்கு இருக்கு? ஏம்மா, இத்தனை தடவை தள்ளினியே, ஒரு தடவையாவது கரையேத்தக் கூடாதா?"

அரங்கமே சிரித்தது. வீட்ஸ்காவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "ஏறுவாரும்மா. ஏறி நின்னு சிரிப்பாரு. அந்தத் துண்டு ரொம்பச் சுத்தமா இருந்துச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

கிழவியின் குரல் இறங்கிவிட்டது. "நான் உலகப் போருக்கு அப்புறம் பொறந்தவ. போரோட அவர் சிரிப்பும் போயிடுச்சாம். அப்பா சிரிச்சு நான் பார்த்ததே இல்ல."

வீட்ஸ்கா மேடையிலிருந்து குதித்து இறங்கினாள். குப்பை வண்டி வருவதற்குள் போயாக வேண்டும். கிழவியையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு ஓடினாள். வாசலில் கிடந்த பையைக் கவிழ்த்து, காப்பித்தூளுக்கும் வெங்காயத் தோலுக்கும் நடுவே துழாவி அந்தத் துண்டை உருவினாள். எடுத்தவள் சொக்கிப்போய் நின்றுவிட்டாள். "அடடா, காப்பிக்கறை எவ்வளவு அழகா பிடிச்சிருக்கு!"

"முதல்ல துடைடி!"

துடைத்து, படம் வெட்டி ஒட்டும் மேசையில் மாட்டி ஓட்டினாள். லூபர்ட் சொட்டச் சொட்டக் கரையேறினார். தொப்பி போட்ட ஒரு பெண் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"உங்க அம்மா என்ன அழகு!" என்றாள் வீட்ஸ்கா.

அலைடா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தாள். "இது எங்க அம்மா இல்ல."

வீட்ஸ்கா பதறி நிறுத்தப் போனாள். கிழவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓடட்டும் விடு. யாரோடவாவது சிரிச்சிருக்காரே."