சும்மா இருக்கத் தெரியாத சிஸ்டர்

எங்கள் மலை ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் லூர்துசெல்வி சிஸ்டருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. நான் கனகா, வார்டு துடைக்கிறவள். நான் மாப்பை நனைத்துக்கொண்டு வருவதற்குள் அவர் பாதி வார்டைத் துடைத்து முடித்திருப்பார். பார்க்கிறவர்கள், ஆகா, எவ்வளவு பெரிய மனசு என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் வேலையைப் பிடுங்கிச் செய்கிறவரை நான் எதற்குக் கும்பிட வேண்டும்?

நர்ஸ் பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். சேலத்திலிருந்து வந்த ஐஸ்வர்யா, ஊசியும் கையுமாக நரம்பைத் தேடிக்கொண்டிருப்பாள். "தள்ளு கண்ணு, நான் போடறேன்" என்று குரல் வந்துவிடும். சிஸ்டர் போட்டால் வலிக்காது, உண்மைதான். ஆனால் சிக்கலான கேஸ் எதையும் அந்தப் பெண் தனியாகத் தொட்டதே இல்லை. கேட்டால், "உங்களுக்குக் கஷ்டம் வேண்டாம்னுதான் கண்ணு" என்பார்.

போன மழைக்காலத்தில் வண்டி சறுக்கி விழுந்து, சிஸ்டருக்கு வலது கையில் மாவுக்கட்டு. மறுநாளே டூட்டிக்கு வந்து நின்றார்.

"ஏனுங்க சிஸ்டர், இந்தக் கையோட ஊட்டுல இருக்கக் கூடாதுங்களா?" என்றேன்.

"ஊட்டுல இருந்தா நொம்ப வலிக்குது கனகா."

வராந்தாவுக்கும் வார்டுக்கும் நடந்துகொண்டே இருந்தார். பார்க்கிற எனக்குத்தான் தலை சுற்றியது.

அன்று மத்தியானம் கரடியூர் கவிதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். குழந்தையை அவள் புருஷன் தனபாலிடம் காட்டிவிட்டு உள்ளே வருகிறேன், கட்டிலுக்குக் கீழே ரத்தம். நிற்காமல் போகிறது. டாக்டர் மலையின் அந்தப் பக்கம் முகாமுக்குப் போயிருந்தார். போன் போட்டதும் கிளம்பிவிட்டார்தான், ஆனால் வழியெல்லாம் வளைவு, மழை வேறு. ஆம்புலன்ஸ் வேறொருவரை ஏற்றிக்கொண்டு சேலம் இறங்கியிருந்தது. இருந்தது ஐஸ்வர்யாவும் கை உடைந்த சிஸ்டரும் நானும்தான்.

ஐஸ்வர்யா கவிதாவின் தொடையில் ஒரு ஊசி போட்டாள். என் கையைப் பிடித்து இழுத்து அவள் அடிவயிற்றில் வைத்து, "விடாம அமுக்கித் தேய்ங்கக்கா, கர்ப்பப்பை இறுகுனாத்தான் ரத்தம் நிக்கும்" என்றாள். சலைன் ஏற்ற நரம்பு வேண்டும். குத்தினாள், கிடைக்கவில்லை. கவிதாவின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. கூப்பிட்டால் 'ம்' மட்டும் வந்தது. இந்தப் பிள்ளை போய்விடுவாள் என்றே எனக்குத் தோன்றியது.

சிஸ்டர் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். "அந்தக் கையில பாரு. இல்ல, கொஞ்சம் மேல பாரு. தள்ளு கண்ணு, தள்ளு" என்று ஊசியை வாங்க இடது கையை நீட்டினார்.

ஐஸ்வர்யா நிமிரவில்லை. "தள்ள மாட்டேன் சிஸ்டர். பேசாம அந்த சலைன் பாட்டிலை ஒசரத் தூக்கிப் புடிங்க."

சிஸ்டரிடமே இப்படியா, தீர்ந்தது கதை என்று நினைத்தேன். சிஸ்டர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பிறகு பாட்டிலை இடது கையால் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கட்டிலோரம் நின்றார். உதடு அசைந்தது, மாதாவைக் கூப்பிட்டாரோ என்னவோ. ஒரு பாதம் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. ஆனால் தூக்கிய பாட்டில் அசையவில்லை.

அடுத்த குத்தில் நரம்பு கிடைத்தது. சலைன் ஓடியது, அதோடு மருந்தும் போனது. என் கைக்கடியில் வயிறு மெல்ல மெல்ல இறுகியது. ரத்தம் குறைந்தது. கொஞ்ச நேரத்தில் கவிதா தண்ணீர் கேட்டாள்.

டாக்டர் நனைந்தபடி ஓடிவந்து நாடி பார்த்தார். மூச்சு வாங்கிக்கொண்டே, "நல்லவேளை, நீங்க இருந்தீங்க சிஸ்டர்" என்றார்.

பாட்டிலை இன்னும் கீழே இறக்காத லூர்துசெல்வி சிஸ்டர், "நான் பாக்கலைங்க டாக்டர். ஐஸ்வர்யா சிஸ்டர்தான் பாத்தாங்க. அவங்க சொன்னதை நான் செஞ்சேன்" என்றார்.

அவர் வாயிலிருந்து அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒரு மரியாதை வந்து நான் கேட்டதில்லை. ஐஸ்வர்யா கையுறையைக்கூடக் கழற்றாமல், நின்ற இடத்திலேயே தேம்பி அழத் தொடங்கினாள்.