போனார்களாம்

முப்பது வருடமாக மாண்ட்ரியலில் ஒரே கேள்வியைக் கேட்டுப் பிழைக்கிறேன்: கண்டதா, கேட்டதா? சிலுவைப்போர்க் காலத்தில் அரபுக்காரர்கள் எழுதிவைத்த நினைவுக்குறிப்புகள்தான் என் பாடம். சிலுவை ஏந்தி வந்து அண்டையில் ஆண்ட பரங்கியரின் வழக்குமுறையை அவற்றில் தேடுவேன். குற்றம் சாட்டப்பட்டவனைக் கட்டித் தண்ணீரில் இறக்குவார்கள்; மூழ்கினால் நிரபராதி, மிதந்தால் குற்றவாளி. எழுதியவர் கரையில் நின்று பார்த்தாரா, யாராவது சொல்லக் கேட்டாரா? அதைக் குறிப்பிடாமல் மேற்கோள் காட்டும் மாணவர்களை நான் சும்மா விட்டதில்லை.

என் பேரன் போகும் கார்டரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், சமைப்பவர் ஒரு மன்னார்ப் பெண். போன வருடம் தன் அகதி விசாரணைக்கான வாக்குமூலத்தைத் தமிழில் எழுதி, ஆங்கிலத்தில் ஆக்கித் தரச் சொன்னார். கணவரைப் பிடித்துக்கொண்டு போன கதை, நான்கு பக்கம். ரொக்ஸ்பரோ புறநகரில் உள்ள என் வீட்டுக்குத் திரும்பும் ரயிலிலேயே முடித்துவிட்டேன். அதில் பெருமை வேறு.

விசாரணையன்று சாயங்காலம் போன் செய்தார். கணவரை ஏற்றிப்போன வாகனம் என்ன நிறம் என்று கேட்டார்களாம். தான் அதைக் காணவில்லை என்றாராம். நேரில் கண்டதுபோல எழுதிவிட்டு இப்போது காணவில்லை என்கிறீர்களே என்று மடக்கியிருக்கிறார்கள். வழக்கறிஞர் அவகாசம் வாங்கியதோடு சரி.

மூலத்தை எடுத்துப் பார்த்தேன். ‘சந்தியில் வைத்து ஏற்றிக்கொண்டு போனார்களாம்.’ அந்த ‘ஆம்’ என் ஆங்கிலத்தில் இல்லை. போனார்கள் என்று மட்டும் எழுதியிருந்தேன். ஊருக்குத்தான் உபதேசம்.

உடனே அவரைக் கூப்பிட்டு, தவறு என்னுடையது என்றேன்.

“எனக்கு இங்கிலிஷ் விளங்காது ரீச்சர். நீங்கள் எழுதினது சரியாத்தான் இருக்கும் எண்டு கையெழுத்து வைச்சனான்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இது நெஞ்சை அறுத்தது.

தவறு என்னுடையது என்று சத்தியம் செய்து எழுதி வழக்கறிஞரிடம் கொடுத்தேன். முடிவுக்குக் காத்திருந்த ஆறு வாரமும் இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு முறை குக்கரைத் தீயவிட்டேன். கார்டரி வாசலில் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் பேரனை அழைத்துவர மகளை அனுப்பினேன். வகுப்பில் தண்ணீர்ச் சோதனை வந்த பக்கத்தை வாசிக்காமல் தள்ளிவிட்டு அடுத்ததுக்குப் போனேன். இந்தப் பெண்ணைக் கட்டி இறக்கியது நான்.

ஒரு செவ்வாய் மத்தியானம், வகுப்பு நடுவில் போன் அடித்தது. தாழ்வாரத்துக்கு ஓடினேன்.

“ரீச்சர், கிடைச்சிட்டுதாம்.”

அப்பாடா என்று சுவரில் சாய்ந்தேன். அடுத்த நொடியே அந்த ‘ஆம்’ காதில் குத்தியது.

“லெட்டர நீங்க பாத்தீங்களா?”

“இல்லை. லோயர்தான் சொன்னவர். பேந்து அனுப்புவாராம்.”

இன்னொரு ஆம். வகுப்பை அப்படியே விட்டுவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டேன். அந்த வழக்கறிஞரின் அலுவலகம் நாலு மெட்ரோ நிறுத்தம். கண்ணால் காணாமல் என்னால் உட்கார முடியாது.