எட்டி நின்று பார்க்கிறவர்கள்

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வீட்டுக்கு வருவதற்கு முன்னால் இன்னொரு பார்வை உண்டு. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இரண்டு மூன்று பேர் ஏதாவது பொது இடத்துக்கு வருவார்கள். பெண்ணும் பெற்றவர்களும் தற்செயலாக வந்ததைப் போல அங்கே சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். அவர்கள் எட்டி நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். யார் என்று நாம் கேட்கக் கூடாது. தெரிந்தாலும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. பிடிக்கவில்லை என்றால் யாரும் யாரிடமும் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வகையில் இது இரக்கமுள்ள ஏற்பாடுதான். நானே பார்க்கப்படுகிற பக்கத்தில் நிற்கும்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வழக்கமாக இது கோயிலில் நடக்கும். இந்த முறை கோயில் வேண்டாம் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். போன தடவை வந்தவர்களில் ஒரு பெரியவர் வழக்கத்தை மீறி என் அருகில் வந்து நின்று, அந்தக் கோயில் மண்டபம் ஆயிரம் வருஷத்துக்கு முந்தையது என்றார். அதற்குக் கான்கிரீட் போட்டதை நான் பள்ளிக்கூடப் பையோடு நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னேன். எந்த வருடம், எந்த மாதம் என்பதையும் சொன்னேன். அந்தச் சம்பந்தம் அத்தோடு நின்றது. இரண்டுக்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. வீட்டில் வேறு கருத்து.

இடத்தைத் தேர்ந்தெடுத்தது சம்பந்தம் கொண்டுவந்த என் தங்கை. கோயம்புத்தூரில் கோட்டைக்குள் ஒரு பழைய வியாபாரியின் வீட்டை அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறார்கள். வாரிசுகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். கோட்டைக்குள் என்று பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, மதில் போய் எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. மேடு மட்டும் இருக்கிறது. கார் இரண்டாம் கியருக்கு இறங்கும் இடத்தில் பழைய மதில் இருந்திருக்கும் என்று நான் ஊகித்து வைத்திருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே கியர் மாறியபோது நான் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் சரவணம்பட்டியிலிருந்து கிளம்பியதுமே பின் சீட்டிலிருந்து மகள் சொல்லியிருந்தாள்.

"அப்பா, இன்னிக்கு மட்டும் வருஷம் வேண்டாங்கப்பா."

"நான் என்ன கண்ணு சொல்லப்போறேன்."

"எதுவுமே சொல்ல வேண்டாங்க. இது நடந்தா நல்லாருக்கும்னு எனக்கே தோணுது. அதான்."

முப்பதைத் தாண்டியவள். ஐ.டி. கம்பெனியில் ஒரு குழுவுக்குப் பொறுப்பாக இருக்கிறாள். எத்தனையோ ஜாதகங்களைச் சிரித்துத் தள்ளியவள் இப்படிச் சொன்னது முதல் தடவை. பையன் ஓசூரில் வேலை. சொந்த ஊர் பல்லடம் பக்கம், தறிக்காரக் குடும்பம். இருவரும் போனில் பேசியிருந்தார்கள். "நல்லா சிரிக்கறாரு" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். பார்க்க வருகிறவர்கள் அவனுடைய பெரியம்மாவும் அத்தையும். அவர்களுடைய போட்டோ ஒன்றைப் பையனிடம் கேட்டு வாங்கியிருக்கலாமே என்று மனைவி சொன்னதற்கு, "கேட்டா அனுப்புவாருங்க. ஆனா அது காப்பியடிக்கற மாதிரி இருக்கும்" என்றாள். அவளுடைய நேர்மையை மெச்சத்தான் வேண்டும். ஆனால் அதனால் அந்த வீட்டுக்குள் வரும் பெண்கள் எல்லோரும் எனக்குப் பெரியம்மாவாகவும் அத்தையாகவும் தெரியத் தொடங்கினார்கள்.

அத்தர் கடைகளைத் தாண்டிக் குறுகலான தெருவில் வீடு. தொட்டிக்கட்டு வீடு, அதாவது நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் அறைகள். வாசலில் கறுப்புப் பலகையில் வீடு கட்டிய ஆண்டு என்று ஒன்று எழுதியிருந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது சரி என்று எடுத்துக்கொள்வார்கள்.

வழிகாட்டி அதே தெருவைச் சேர்ந்த இளம்பெண். தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, "செருப்ப அந்தப்பக்கம் உட்டுப்போட்டு வாங்க, தரை சில்லுனு இருக்குமுங்க" என்றார். எங்களோடு சேர்த்து ஒரு கல்லூரிக் கூட்டம், ஒரு வயதான தம்பதி, கைக்குழந்தையோடு ஒரு குடும்பம். நான் குழந்தைக்காரியை விட்டுவிட்டு வயதான தம்பதியைக் கவனித்தேன். அவர்கள் என் மகளைப் பார்க்கவே இல்லை. பார்க்காமல் இருப்பதே ஒரு தந்திரமோ என்று தோன்றியது.

பன்னீர்ச்செம்புகள் வைத்த கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் மனைவி மகளின் தோளில் சேலை மடிப்பைச் சரிசெய்தாள்.

"அம்மா, உடுங்க. நானும் பொட்டிக்குள்ள ஏறி நின்னுக்கட்டுமா?"

"மொல்லப் பேசு அம்மணி. யாரு எங்க நிக்கறாங்கன்னு தெரியல."

அப்போதுதான் அந்த இரண்டு பெண்கள் உள்ளே வந்தார்கள். இருவருக்கும் அறுபதையொட்டிய வயது. ஒருவர் பாக்கு நிறச் சேலை, மற்றவர் கழுத்தில் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். பாக்கு நிறச் சேலைக்காரர் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "பல்லடத்துல கெளம்பறப்பவே இந்தப் போடு போடுது வெய்யிலு" என்றார். மனைவியின் முழங்கை என் விலாவில் இடித்தது. இனி சந்தேகமில்லை. 

வழிகாட்டிப் பெண் முற்றத்துச் சுவரைத் தட்டிக் காட்டினார். "இந்தச் செவுத்துக் கல்லு பூராமும் கோட்டை மதில் கல்லுங்க. கோட்டைய இடிச்சுப்போட்டப்ப வண்டி வெச்சுக் கொண்டாந்தாங்களாமா."

கல்லைப் பார்த்தேன். நன்றாகச் செதுக்கிய கல், சிலவற்றில் ஆப்பு வைத்த துளைகள். அவர் சொல்வது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் வாசல் பலகை பொய். அதில் எழுதியிருந்த ஆண்டில் கோட்டை இடியாமல் நின்றுகொண்டிருந்தது. நின்றுகொண்டிருந்த கோட்டையின் கல் இந்தச் சுவருக்கு எப்படி வந்தது? கேள்வி தொண்டைவரை வந்துவிட்டது. மகள் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் கொல்லைப்புறக் கிணற்றைப் பார்க்கப் போவதாகச் சைகை காட்டிவிட்டு நகர்ந்தேன்.

கிணற்றில் பார்க்க ஒன்றும் இல்லை. இரும்பு வலை போட்டிருந்தார்கள். வலையின் கண்களை எண்ணிக்கொண்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது.

"ஏனுங்ணா, உங்களப் பாத்தா வெவரம் தெரிஞ்சவராட்ட இருக்குதுங்க. இந்த ஊடு எப்பக் கட்டுனதுங்க?"

பாக்கு நிறச் சேலை. பக்கத்தில் கண்ணாடிக்காரர். உலகத்தில் எத்தனையோ கேள்விகள் இருக்க, அதைக் கேட்டார்கள்.

"வாசல்ல பலகைல போட்டிருக்குதுங்க" என்றேன்.

"அது பாத்தோமுங்க. சரியாத்தான் போட்டிருக்காங்களான்னு."

என் வாழ்நாளில் ஒரு தேதியைப் பற்றித் தெரிந்தே தவறாகச் சொன்னதில்லை. பள்ளிவாசலில் மதிய பாங்கு ஒலிக்கத் தொடங்கியது. அது முடியும்வரை பேசாமல் இருக்க எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. முடிந்தது. இருவரும் காத்திருந்தார்கள்.

"சரியாத்தானுங்க இருக்கும்" என்றேன்.

அவர்கள் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்கள். மகளுக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொண்டாலும் வாயில் கசப்பாக இருந்தது. அதைவிட, பெரியவர்கள் ஏதோ சோதிக்கிறார்களோ என்ற பயம். போன தடவை நடந்தது இவர்கள் காதுக்கும் போயிருக்குமோ?

நான் முற்றத்துக்குத் திரும்பியபோது இருவரும் என் மகளோடு நின்றிருந்தார்கள். மனைவி தூணருகே நின்றிருந்தாள். எட்டி நின்று பார்க்க வந்தவர்கள் கிட்டே வந்துவிட்டார்கள். அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. அருகே போனேன்.

"இல்லீங்க, பலகைல இருக்கறது தப்புங்க" என்று என் மகள் சொல்லிக்கொண்டிருந்தாள். "இந்தக் கல்லு கோட்டைக் கல்லுன்னா, கோட்டை இடிஞ்ச பின்னாலதான ஊடு கட்டியிருக்கணும்? கோட்டை நிக்கறப்பவே அதுல கல்லப் பேத்துட்டு வர யாரு உடுவாங்க? பலகைல அதுக்கு முந்தின வருஷமல்லங்க போட்டிருக்குது."

இடிக்கப்பட்ட ஆண்டையும் சொன்னாள். சரியாகச் சொன்னாள். சாப்பாட்டு மேஜையில் நான் பேசும்போதெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள்.

கண்ணாடிக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "அப்பறம் உங்கப்பாரு சரின்னு சொன்னாருங்களே கண்ணு?"

"எங்கப்பாவா? சொல்லியிருக்கவே மாட்டாருங்க. எங்கூட்டு முகப்புல வருஷம் தப்பா இருக்குதுன்னு, வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் நின்னு வெளக்கம் சொல்றவருங்க அவரு."

மூவரும் என்னைப் பார்த்தார்கள். கல்லூரிக் கூட்டத்தில் ஒருத்தி செல்ஃபி எடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"நான்... இருக்கும்னுதானுங்க சொன்னேன்" என்றேன்.

"ஆமாமா, இருக்கும்னுதான் சொன்னாரு" என்று பாக்கு நிறச் சேலைக்காரர் சிரித்தார். என்னைக் காப்பாற்றினாரா கேலி செய்தாரா என்று புரியவில்லை. பிறகு என் மனைவியிடம் போய், "ஒரே பொண்ணுங்களா? கட்டிக்குடுத்தாச்சுங்களா?" என்று கேட்டார்.

"பாத்துட்டிருக்கறோமுங்க" என்றாள் மனைவி. 

"அமையுமுங்க. நல்லாப் பேசுது புள்ள" என்று சொல்லிவிட்டு அவர்கள் மாடிப்படி ஏறினார்கள். நல்லாப் பேசுது என்பதை எங்கள் பக்கத்தில் இரண்டு விதமாகவும் சொல்வார்கள்.

 கார் மேட்டை இறங்கி உக்கடம் சிக்னலில் நின்றபோது மனைவி ஆரம்பித்தாள்.

"அவரு வாயக் கட்டிட்டு இருந்தாரு. நீ போயி அவுத்து உட்டுட்ட."

"கேட்டாங்க, சொன்னேன்."

"கேட்டா? சொல்லீர்றதா? மாப்பள ஊட்டுக்காரங்ககிட்ட?"

மகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். காரின் பின்பார்வைக் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். வேண்டும் என்று அவளே சொன்ன ஒன்று கைவிட்டுப் போய்விட்டது என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. அதற்குக் காரணம் நான் வாய் திறந்ததா, திறக்காததா என்பதுதான் விளங்கவில்லை.

போன் அடித்தது. தங்கை. மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க. அவங்க வரவே இல்லீங்களாமா. காரு சூலூர்கிட்ட நின்னுபோச்சாமா. மெக்கானிக்கத் தேடிட்டு ரோட்டோரத்துலயே உக்காந்திருந்திருக்காங்க. பாவம், எங்கிட்ட எத்தன மன்னிப்பு கேட்டாங்க தெரியுங்களா."

"அப்ப அந்தப் பல்லடத்துக்காரங்க யாரு?" என்றாள் மனைவி.

"எந்தப் பல்லடத்துக்காரங்க அண்ணி?"

மகள் சிரிக்க ஆரம்பித்தாள். முகத்தைக் கையால் மூடிக்கொண்டு, தோள் குலுங்க. சிரிப்பு அடங்கும்வரை தங்கை அந்தப் பக்கம் "என்னங்க, என்னங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். யார் என்று கேட்கக் கூடாது என்பதால் நாங்கள் கேட்கவில்லை. வெயிலுக்குப் பயந்து ஒரு பழைய வீட்டைப் பார்க்க நுழைந்த யாரோ இரண்டு பேருக்கு முன்னால் குடும்பமே பரீட்சை எழுதிவிட்டு வந்திருக்கிறோம்.

"அடுத்த ஞாயித்துக்கெழம அதே எடத்துக்கு வரட்டுமான்னு கேக்கறாங்க" என்றாள் தங்கை.

"அத்தை, அங்க வேண்டாங்க" என்று மகள் முன்னால் சாய்ந்து சொன்னாள். "ஊட்டுக்கே வரச் சொல்லுங்க. எட்டி நிக்க வேண்டாம், உக்காந்து டீ குடிக்கட்டும். எங்கப்பாவும் பேசட்டும்."

"உங்கப்பா பேசுனா, கண்ணு..."

"பேசட்டுங்க அத்தை. அவரு பொய் சொல்லி இன்னிக்குப் பாத்துட்டேன். சகிக்கல."

இதை எழுதுவது சனிக்கிழமை மாலை. நாளை அவர்கள் வருகிறார்கள். மனைவி காலையிலிருந்து திரைச்சீலையை இரண்டு தடவை மாற்றிவிட்டாள். மகள் அறைக்குள் போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். அவ்வப்போது சிரிப்புச் சத்தம் கேட்கிறது. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. பேசக் கூடாது என்று தடை இருந்தபோது அதன் பின்னால் ஒளிந்துகொள்ள முடிந்தது. இப்போது அதுவும் இல்லை.

எங்கள் வீட்டு முகப்பில் சிமெண்டில் பெரிதாக ஒரு ஆண்டு இருக்கிறது. அது தவறு. கொத்தனார் முந்திக்கொண்டு எழுதிவிட்டார். மணல் கிடைக்காமல் வேலை நின்று, மறு வருடம் தையில்தான் புதுமனை புகுந்தோம். கொஞ்சம் முன்பு கேட்டருகே போய், காரிலிருந்து இறங்குகிறவர்களின் கண் முதலில் எங்கே போகும் என்று நிமிர்ந்து பார்த்தேன். நேராக அங்கேதான் போகிறது.

மகள் ஜன்னலில் வந்து நின்றாள். போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "அவங்க கேக்கலீன்னாலும் சொல்லிருங்கப்பா" என்றாள்.