சங்குக்குப் பிந்திய கடிகாரம்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் கடிகாரம் மில் சங்குக்கு நாலு நிமிஷம் பிந்தி ஓடுகிறது என்று நான் சொன்னபோது, வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தூக்கை எடுத்தபடியே, "அதுவாவது நாலு நிமிஷம் நிம்மதியா இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கேஸை மூடினோமா என்று மூன்று தடவை பார்க்கிறவள் நான். தெருமுனை வரை போய்விட்டுப் பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருவேன். இரண்டாம் கையாகக் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து, காலை எட்டு மணிச் சங்கு ஊதும்போது திரையின் வலது மூலையைப் பார்த்து, அங்கே என்ன மணி காட்டுகிறது என்று நாற்பது பக்க நோட்டில் எழுதி வைப்பது பழக்கமாகிவிட்டது. எழுதி வைத்தால் பயம் கொஞ்சம் அடங்கும், அம்புட்டுத்தான்.

மதுரையில் மூடிப்போன ஓர் ஆபீஸில் கிடந்த கம்ப்யூட்டர் அது. உள்ளே விண்டோஸ் தொண்ணூற்றைந்து. கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தவரிடம், உள்ளே எத்தனை திரை உண்டோ அத்தனையும் காட்டுங்கள் என்று கேட்டு, திரையில் இருந்த ஒவ்வொரு எண்ணையும் அந்த நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டேன். கம்ப்யூட்டரைப் போட்டதுமே டெலீட் பொத்தானை அழுத்தினால் நீல நிறத்தில் வருகிற உள்திரை உட்பட. இதையெல்லாம் எதுக்குக்கா எழுதுதீக என்று அவர் சிரித்தார். இருக்கட்டும் என்றேன்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். பஞ்சாலையில் நூல் சுற்றுகிற வைண்டிங் வேலைக்குப் போய், ஷிப்ட் இல்லாத நேரத்தில் தமிழ் டைப்பிங் பழகினேன். பரீட்சை எழுதப் பயம், எழுதவில்லை. ஆனால் கை ஓடும். அப்படித்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் டியூஷன் நடத்தும் ஒரு சார், பத்தாம் வகுப்பு அறிவியலுக்குக் கேள்வி-பதில் கைடு ஒன்றை அடிக்கக் கொடுத்தார். பதினெட்டுப் பாடம். எட்டாவது படித்தவள் பத்தாவதுக்கு கைடு அடிக்கிறாள் என்று உறவில் கேலி பேசினார்கள். மூன்று மாதம் அடித்தேன். அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னால் புத்தகம் பிள்ளைகள் கைக்குப் போக வேண்டும். வருகிற திங்கட்கிழமை சிவகாசி அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். அன்று கொடுக்க முடியாவிட்டால் அச்சகத்தில் அடுத்த முறை பொங்கலுக்குப் பிறகுதான்.

அந்த வாரம் கடிகாரத்தின் பிந்தல் கூடிக்கொண்டே போயிற்று. நாலு நிமிஷம் ஒன்பதாயிற்று. பொறவு இருபது. வியாழக்கிழமை ஒன்றரை மணி நேரம். தினமும் சரிபண்ணுவேன், அணைத்துவிட்டு மறுநாள் போட்டால் மறுபடி பின்னால் நிற்கும்.

வெள்ளிக்கிழமை காலை கம்ப்யூட்டரைப் போட்டேன். விண்டோஸின் மேகப் படம் வரவில்லை. கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் வந்து நின்றது. ஹார்ட் டிஸ்க் என்ற சொல்லும், பெயிலியர் என்ற சொல்லும் புரிந்தன. மூன்று மாத உழைப்பும் அந்த டிஸ்க்கில்தான் இருந்தது.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை வைத்திருந்த சர்வீஸ்காரருக்குச் சொல்லி அனுப்பினேன். பதினோரு மணிக்கு வந்தார். வாசலில் இன்னொரு வீட்டு மானிட்டரை மொபெட்டில் கட்டியபடியே விட்டுவிட்டு வந்ததால் உட்காரவே இல்லை. தன் பிளாப்பி ஒன்றைச் செருகித் தட்டினார். அது தேதியைக் காட்டி, சரிதானா என்று கேட்டது. அவர் அதைப் பார்க்காமலே எண்டர் தட்டினார். டிஸ்க்கைத் தேடினார், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றது கம்ப்யூட்டர்.

"ஹார்ட் டிஸ்க் அவுட்டுக்கா. திங்கக்கெழம புதுசு கொண்டாந்து போட்டுருதேன்."

"உள்ள இருக்கது?"

"அது போனது போனதுதான். திரும்ப அடிச்சுக்கிட வேண்டியதுதான்."

பிளாப்பியில் நகல் எடுத்து வைத்திருக்கிறேன் என்றேன். அதில் மட்டும் நான் தைரியமாக இருந்தேன். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கக் கூடாது, எறும்பு ஏறக் கூடாது என்று யோசித்து யோசித்து, எப்போதும் இளஞ்சூடாக இருக்கும் ஸ்டெபிலைசரின் மேல், துணி விரித்து அடுக்கியிருந்தேன். அவர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஒன்றுமே படிக்கவில்லை. ஸ்டெபிலைசருக்குள் காந்தம் வேலை செய்யும், அதன் மேல் பிளாப்பி வைத்தால் எழுதினதெல்லாம் அழிந்துபோகும் என்றார். அன்று அவர் சொன்னதில் உருப்படியானது அது ஒன்றுதான். இத்தனை பத்திரமாக ஒரு பொருளைக் கெடுத்தவள் இந்த ஊரில் என்னைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள்.

அவர் போன பிறகு, பரப்பிக் கிடந்த பிளாப்பிகளை எடுத்து அடுக்கினேன். அழுகை வரவில்லை. ஒன்று மட்டும் மனசில் நெருடிக்கொண்டே இருந்தது. அவர் பார்க்காமல் தட்டிவிட்ட அந்தத் தேதியை நான் பார்த்திருந்தேன். 1980, ஜனவரி ஒன்று, செவ்வாய்க்கிழமை. நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்த வருஷம்.

டிஸ்க் கெட்டுப்போனால் தேதி ஏன் போக வேண்டும்?

நோட்டை எடுத்தேன். நாலு, ஒன்பது, இருபது, தொண்ணூறு. வீட்டுச் சுவர்க் கடிகாரம் பேட்டரி தீரும்போது இப்படித்தான் இழுத்து இழுத்து ஓடி நிற்கும். கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் அதற்கு மணி தெரிகிறது என்றால் உள்ளே எங்கேயோ ஒரு பேட்டரி இருக்க வேண்டும். முதல் பக்கத்தைத் திருப்பினேன். நீலத் திரையைப் பார்த்து எழுதிய பக்கம் அது. மேலே தேதி, அதற்குக் கீழே மணி, அதற்கும் கீழே ஹார்ட் டிஸ்க்கின் மூன்று எண்கள்: 1654, 16, 63. எல்லாம் ஒரே திரையில் இருந்தன. தேதியை மறந்த கம்ப்யூட்டர் அதற்குக் கீழே இருந்ததையும் மறந்திருந்தால்?

கம்ப்யூட்டரைப் போட்டு டெலீட் பொத்தானை அழுத்தினேன். டிஸ்க் என்ற வரிக்கு நேரே எண்கள் எதுவும் இல்லை. 'நன்' என்று மட்டும் இருந்தது. அகராதியில் பார்த்தேன். எதுவுமில்லை என்று அர்த்தம். டிஸ்க் சாகவில்லை. அப்படி ஒருத்தர் வீட்டில் இருக்கிறார் என்பதைக் கம்ப்யூட்டர் மறந்துவிட்டது.

பேட்டரி மாற்றாமலே அந்த எண்களை அப்போதே போட்டிருக்கலாம் என்று பின்னாளில் தெரிந்தது. அன்றைக்கு அந்தத் தைரியம் எனக்குக் கிடையாது. மறந்துபோகிறவனிடம் மறுபடி சொல்லி என்ன ஆகப்போகிறது, முதலில் பேட்டரி என்று நினைத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும், வயரையெல்லாம் பிடுங்கி வைத்துவிட்டு, அவரை மெயின் சுவிட்ச் பக்கத்தில் நிற்க வைத்தேன்.

"ஏட்டி, பிளக்கையே பிடுங்கிட்டே. நான் இங்க நின்னு எதக் காவல் காக்க?"

"நீங்க நில்லுங்க."

நின்றார். அவிய அப்படித்தான், கேலி பேசுவார், ஆனால் சொன்னதைச் செய்வார். நான் மரப்பலகையில் ஏறி நின்றுகொண்டு மூடியைக் கழற்றினேன். கழற்றிய திருகாணிகளை இட்லித் தட்டின் குழிகளில், எந்தப் பக்கத்தது எந்தக் குழியில் என்று வரிசையாகப் போட்டேன். உள்ளே பஞ்சுத் தூசி படலமாகப் படிந்திருந்தது. எங்கள் ஊரில் எதைத் திறந்தாலும் பஞ்சுதான். பெயின்ட் பிரஷால் தட்டித் துடைத்தபோது, பச்சைப் பலகையின் மூலையில், வாட்ச் பேட்டரிக்கு அண்ணன் மாதிரி வட்டமாக ஒன்று மின்னியது.

எங்கள் ஊர் வாட்ச் கடைகளில் அந்த அளவு இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் கால்குலேட்டர் ரிப்பேர் பார்க்கிற ஒரு கடையில் கிடைக்கலாம் என்றார்கள். சனிக்கிழமை காலை பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒரே வேண்டுதல்: சார் கண்ணில் படக் கூடாது.

பேட்டரி கிடைத்தது. கடையை விட்டு இறங்குகிறேன், தேரடியில் காய்கறிப் பையோடு சார் எதிரே வருகிறார்.

"என்னம்மா இந்தப் பக்கம்? பாடமெல்லாம் முடிஞ்சுதா?"

பேட்டரியை இறுக்கி மூடிய கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். முடிஞ்சது சார் என்றேன். அது பொய் இல்லை. பதினெட்டும் முடிந்துதான் இருந்தது. எங்கே இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. திங்கட்கிழமை பஸ் ஸ்டாண்டில் எட்டு மணிக்கு நிற்பதாகச் சொல்லிவிட்டு, கத்தரிக்காய் விலை பற்றிப் பேசத் தொடங்கினார். எனக்கோ, கை வியர்வையில் பேட்டரி தீர்ந்துபோகுமோ என்று கவலை.

மத்தியானம் பேட்டரியைப் பொருத்தி, திருகாணிகளைத் தட்டின் வரிசைப்படி மாட்டினேன். ஒன்று கூட மிஞ்சவில்லை. நீலத் திரைக்குள் போய் முதலில் தேதியைப் போட்டேன். மணியைப் போட்டேன். பிறகு அந்த மூன்று எண்களையும் ஒவ்வொன்றாக, வீட்டுக்காரர் நோட்டைப் பார்த்து வாசிக்க, நான் அடித்து, திரும்பச் சொல்லி, அவர் ஆமாம் என்ற பிறகே அடுத்ததற்குப் போனேன். சேமிக்கட்டுமா என்று கேட்டது. எஸ் என்பதற்கான ஒய் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"அழுத்துட்டி" என்றார் மெதுவாக.

அழுத்தினேன். திரை கறுத்தது. டிஸ்க் கொரகொரவென்று சத்தம் கொடுத்தது. அந்தச் சத்தத்தை அதற்கு முன்னால் நான் ரசித்ததே இல்லை. மேகம் வந்தது. கைடு என்ற மஞ்சள் உறையைத் திறந்தேன். பதினெட்டுப் பாடமும் வரிசையாக இருந்தன. நான் எழுந்து நின்று, எதற்கென்று தெரியாமல், அவர் கையிலிருந்த நோட்டைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். பக்கத்தில் நிற்கிற புருஷனை விட்டுட்டு நோட்டைக் கட்டிப்பிடிக்கா என்று அவர் பக்கத்து வீடு வரைக்கும் சொல்லிவிட்டு வந்தார்.

புது பிளாப்பிகளில் மூன்று மூன்று நகல் எடுத்தேன். ஒன்று பீரோவில், ஒன்று அடுக்களை அலமாரியில், ஒன்று என் பையில். ஸ்டெபிலைசர் இருந்த திசைக்கே அவற்றைக் கொண்டுபோகவில்லை.

புது டிஸ்க் வேண்டாம் என்று வீட்டுக்காரர் கடையில் சொல்லியிருந்தார் போல. ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்வீஸ்காரரே வந்து நின்றார். ஓடுகிற கம்ப்யூட்டரைப் பார்த்தார். யாருக்கா வந்து பார்த்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். நோட்டை வாங்கிப் புரட்டினார். சங்கு, மணி, எத்தனை நிமிஷம் பிந்தல் என்று வரிவரியாக இருந்த பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். "நான் தேதியப் பாத்திருக்கணும்க்கா" என்றார். நல்ல மனுஷன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து காபியும் குடித்துவிட்டுத்தான் போனார்.

அவர் போனதும் எனக்கு ஒரு துணிச்சல் வந்தது. கம்ப்யூட்டர் எழுந்து நிற்க ஆறு நிமிஷம் எடுக்கும். இது பழசு, அப்படித்தான் என்று பொறுத்துக்கொண்டிருந்தேன். இனி எதற்குப் பொறுக்க வேண்டும்? அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தொடங்கும்போதே என்னென்ன தானாக ஓடுகிறது என்று பார்த்தேன். மதுரை ஆபீஸுக்குப் பேக்ஸ் அனுப்புகிற ஒன்று, அந்த ஆபீஸின் கூட்டங்களை ஞாபகப்படுத்துகிற ஒன்று, இல்லாத பிரிண்டரைத் தேடுகிற ஒன்று. ஆபீஸ் மூடியது தெரியாமல் அத்தனை பேரும் தினமும் டியூட்டிக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, தனி உறை ஒன்றில் போட்டேன். அழிக்கவில்லை, எனக்கு அழிக்க மனசு வராது. ஒன்றை எடுத்தால் ஒரு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்து, நேரத்தை எழுதி, பிறகுதான் அடுத்தது. ஆறு நிமிஷம் மூன்றுக்கு வந்தது.

பிறகு டிஸ்க்கில் சிதறிக் கிடப்பதை ஒழுங்குபடுத்துகிற டீபிராக் போட்டேன். சின்னச் சின்னக் கட்டங்கள் திரையில் இடம் மாறி மாறி வரிசைக்கு வந்தன. உதவிப் பக்கத்தில் இருந்த ஆங்கிலம் பாதிதான் புரிந்தது. ஆனால் கட்டங்களைப் பார்த்ததும் முழுசாகப் புரிந்துவிட்டது. அறுந்து அறுந்து பல கூம்புகளில் கிடக்கிற நூலை முடிச்சுப் போட்டு ஒரே கூம்பில் சுற்றுகிற வேலை. எத்தனை வருஷம் நான் செய்த வேலை. சோறு ஆறிப்போகிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அது முடிந்தபோது கம்ப்யூட்டர் ஒன்றரை நிமிஷத்தில் எழுந்தது.

திங்கட்கிழமை சாரோடு சிவகாசிக்குப் போனேன். பிளாப்பியைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று சார் சொன்னார். பதினெட்டும் அங்கே திறப்பதைப் பார்க்காமல் நான் நகர மாட்டேன் என்றேன். அச்சகத்து ஆபரேட்டர் முதல் பிளாப்பியைப் போட்டார். அவர் கம்ப்யூட்டர் யோசித்தது. யோசித்துக்கொண்டே இருந்தது. முதல் பாடம் திறந்தது. இரண்டாவது திறந்தது. பதினெட்டாவது வரை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். ஒரு வரி போகவில்லை, ஓர் எழுத்து மாறவில்லை. எல்லாம் முடிந்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

"தம்பி, எம்புட்டு நேரம் எடுக்குது பாருங்க. டீபிராக் போட்டு ரொம்ப நாளாச்சோ?"

ஆபரேட்டர் திரும்பிப் பார்த்தார். சாரும் பார்த்தார். வேறு வழியில்லாமல் வெள்ளிக்கிழமையிலிருந்து நடந்ததை எல்லாம் சாரிடம் சொன்னேன். தேரடியில் என் கைக்குள் என்ன இருந்தது என்பதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா நான் ரெண்டு நாள் சாப்பிட்டிருக்க மாட்டேன்ம்மா" என்றவர், ஆபரேட்டரிடம் திரும்பி, அடுத்து கணக்குக்கும் ஒரு கைடு வருகிறது, அதையும் இவங்கதான் அடிக்கிறாங்க என்று சாதாரணமாகச் சொன்னார்.

வேறொரு நாளாக இருந்தால் என்னால் முடியுமா சார், கணக்கில் குறியீடெல்லாம் வருமே சார் என்று ஆரம்பித்திருப்பேன். அன்று எத்தனை பாடம் என்று மட்டும் கேட்டேன்.