சக்கரத்துக்கு ஒரு சாவி

என் கியர் சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்ற ஸ்பேனர் வேண்டாம். குவிக் ரிலீஸ் லீவரை விரலால் தள்ளினால் போதும். சைக்கிளைச் செவிலிமேடு பஸ் ஸ்டாப்பில் தினமும் விட்டுவிட்டுப் போகிறவனுக்கு இந்த வசதி நல்லதல்ல.

இன்று காலை சைக்கிள் கடையில், அந்த லீவருக்குப் பதிலாகச் சக்கரத்தில் மாட்டும் இரண்டு பூட்டுக் கம்பிகள் காட்டினார்கள். ஆறுமுனை ஆலன் கீயில் திறப்பது ஒன்று, தனிச் சாவியில் திறப்பது ஒன்று. ஆலன் கீ யாரிடம் வேண்டுமானாலும் இருக்குமே என்று சாவி போட்டதையே மாட்டச் சொன்னேன்.

"சாவி தொலைஞ்சா என்னண்ணே பண்றது?"

"எதுக்குபா பயந்துக்கினு இருக்கே? எல்லாத்துக்கும் ஒரே சாவிதான். உங்க செவிலிமேட்லயே நாலு பேருக்கு மாட்டியிருக்கேன், கேட்டா குடுப்பாங்க."

இந்தப் போஸ்ட்டைப் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். சைக்கிள் ஸ்டாப்பில் நிற்கிறது.

அந்த நாலு பேரும் தயவுசெய்து கமென்டில் வாருங்கள். உங்களோடு நல்லபடியாகப் பழக விரும்புகிறேன்.