நிக்கிற ஆளுக்குக் காளான் கிடையாது

புரட்டாசி இடிமழை விட்ட மறுநாள் எங்கள் வீட்டு அடுப்படியிலிருந்து ஒரு வாசனை கிளம்பும். ஈரச் செம்மண்ணும் கறிக்குழம்பும் ஒரே சட்டியில் கொதிப்பதுபோல, மிளகும் சின்ன வெங்காயமும் வதங்கும் நெடியைத் தாண்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் வந்து ஆளைப் பிடித்து இழுக்கும். அது "புத்துக் காளான்" வாசனை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நாக்கில் நீர் ஊறுகிறது, கூடவே எரிச்சலும் பொத்துக்கொண்டு வருகிறது. எரிச்சல் காளான்மேல் இல்லை, என்னை மகளாகப் பெற்ற மகராசிமேல்.

போன மாதம் அம்மாவைப் புதுக்கோட்டைக்கு அழைத்துப்போய் டாக்டரம்மாவிடம் காட்டினேன். எழுபதை நெருங்குகிற அம்மா, அப்பா போனபின் கறி மீனை அடியோடு விட்டுவிட்டாள். முட்டை என்றால் கவிச்சி, பருப்பு என்றால் வாயு. சர்க்கரை வேறு இருக்கிறது. கையைப் பிடித்தால் எலும்புதான் தட்டுப்படுகிறது, நாலு படி ஏறினால் உட்கார இடம் தேடுகிறாள், போன தடவை குளியலறையில் கால் மடங்கி விழுந்தும் விட்டாள். டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார்: "காளான் சாப்பிடுங்கம்மா. கறி அளவுக்கு இல்லைன்னாலும் ஒங்களுக்கு வேண்டிய புரதச்சத்து அதுல இருக்கு. சர்க்கரையும் கொழுப்பும் ரொம்பக் கம்மி. நார்ச்சத்து இருக்கு, பி வைட்டமின் இருக்கு. நறுக்கிக் கொஞ்ச நேரம் வெயில்ல வச்சுட்டுச் சமைச்சா எலும்புக்கு வேண்டிய டி வைட்டமினும் கிடைக்கும்." அம்மா எல்லாவற்றுக்கும் பதவிசாகத் தலையை ஆட்டினாள். வெளியே வந்து என் ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்கார்ந்ததும் சொன்னாள்: "நான் காளான் திங்கமாட்டேன்னு அவுகளுக்கு எப்படித் தெரியும், பாவம்."

எனக்கு வந்த கோபத்தில் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு நடந்து போய்விடலாமா என்றிருந்தது.

ஏன் திங்கமாட்டாள் என்று கேட்பீர்கள். கொடும்பாளூருக்குத் தெற்கே இருக்கிற எங்கள் ஊரில் காளான் சமைக்கிற நாளுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. வீட்டில் எல்லோரும் சாப்பிடலாம், ஒரே ஓர் ஆளைத் தவிர. அந்த ஆளுக்கு "நிக்கிற ஆளு" என்று பெயர். விஷக்காளான் ஏதாவது கலந்திருந்து குடும்பமே சுருண்டு விழுந்தால், அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டு வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒருவராவது காலூன்றி நிற்க வேண்டுமே, அதற்கான ஏற்பாடு. யோசித்துப் பார்த்தால் புத்தியுள்ள சட்டம்தான். ஆனால் நிற்கிற ஆளை முறை வைத்து மாற்றிக்கொள்ளலாம் என்று ஊரில் எந்த மகராசனுக்கும் தோன்றவில்லை. எந்த வீட்டிலும் அப்பா நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. எங்கள் வீட்டில், கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அம்மாதான் நின்றாள்.

காட்டுக்குப் போய்க் கரையான் புற்றடியில் தேடிப் பிடுங்கி வருவது அப்பாவும் அண்ணனும். மண் போகக் கழுவி, காம்பைச் சீவி, அம்மியில் மசாலா அரைத்து, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு குழம்பு வைப்பது அம்மா. கொதிக்கும்போது அப்பா ஒரு பல் பூண்டைப் போட்டுப் பார்ப்பார். அது கறுக்காவிட்டால் நல்ல காளான் என்று தீர்ப்புச் சொல்வார். பூண்டுக்கும் காளான் விஷத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. தெரியாத காளானைத் தொடாமல் இருப்பது ஒன்றுதான் வழி, அப்பா புற்றுக் காளானைத் தவிர வேறெதையும் தொடாததால்தான் நாங்கள் பிழைத்துக் கிடந்தோம். அவ்வளவு நிச்சயமாகக் காளானை அறிந்த மனுஷர், "நீயும் ஒரு வாய் சாப்பிடு" என்று ஒரு தரமாவது பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னதில்லை. "ஒங்கம்மா நிக்கிறா, பயப்படாமத் தின்னுங்க" என்பார்.

நாங்கள் சட்டியைச் சுரண்டித் தின்போம். அம்மா ரசத்தை ஊற்றி ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். மறுநாள் முழுக்க, "வயித்தப் பொரட்டுதா? தலை சுத்துதா?" என்று நிமிஷத்துக்கொரு தரம் கேட்டு உயிரை வாங்குவாள்.

நான் பத்தாம் வகுப்புப் படித்த வருஷம் எனக்குத் திடீரென்று நியாய உணர்ச்சி பொங்கிவிட்டது. அன்றைக்குக் குழம்பு இறங்கியதும் எழுந்து நின்று அறிவித்தேன்: "இன்னிக்கு நான்தான் நிக்கிற ஆளு. எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும், மெயின் ரோட்டுக்குப் போயி வண்டி கூட்டியாரத் தெரியும். அம்மா சாப்பிடட்டும்." அப்பா சிரித்தார். அம்மா தனக்கென்று ஒரு கிண்ணத்தில் குழம்பை ஊற்றி வைத்துவிட்டு, கை கழுவிவரக் கொல்லைப்பக்கம் போனாள். முகம் கழுவி, தலையைக்கூட ஒதுக்கிக்கொண்டு வந்தாள், ஏதோ விருந்துக்கு உட்காரப் போகிறவளாட்டம்.

அதற்குள் நான் தின்றுவிட்டேன். ஒரே ஒரு காளான் மொக்கு, அதுவும் அவள் கிண்ணத்திலிருந்து. அந்த வாசனையில் என் நியாயமாவது மண்ணாவது! வாயை மூடிக்கொண்டு மெல்ல மெல்ல மென்றேன். அம்மா கொல்லை வாசலில் நின்று என் தாடையைப் பார்த்தாள். திட்டவில்லை. "சரி, நீ தின்னுட்ட. இனி நான் திங்கக் கூடாதுல்ல" என்று கிண்ணத்தை அண்ணன் பக்கம் நகர்த்திவிட்டு ரசத்தை எடுத்து வைத்தாள். அதற்கப்புறம் எந்த வருஷமும் நான் நிற்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த அம்மாவிடம்தான் இப்போது மல்லுக்கட்டுகிறேன். கடையில் விற்கிற வெள்ளைக் காளான் கொட்டகைக்குள் விதை போட்டு வளர்த்தது, விஷம் கலக்க வழியே இல்லை என்று படித்துப் படித்துச் சொன்னேன். "கொட்டாயில மொளைச்சா என்ன, காளான் காளான்தானே" என்கிறாள். வாங்கி வந்த முதல் பாக்கெட்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். இரண்டாவது ஃபிரிட்ஜில் கிடந்து கறுத்தது. மூன்றாவதை அவளே சமைத்து எனக்குப் பரிமாறிவிட்டு, எதிரே உட்கார்ந்து, "வயித்தப் பொரட்டுதா?" என்று கேட்டாள். தலையில் அடித்துக்கொண்டேன். "நீதான் சத்தில்லாம விழுந்து கெடக்கிற, நான் இங்கிட்டு நிக்கிறேன். யாரு யாரைத் தூக்குறது?" என்று கத்தியேவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானே சமைத்தேன். அம்மாவுக்குத் தட்டில் சோறும் காளான் குழம்பும் போட்டேன். எனக்கு ரசம். ஸ்கூட்டர் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். "இன்னிக்கு நான்தான் நிக்கிற ஆளு."

"அன்னைக்கும் இப்படித்தான் சொன்ன" என்றாள். அவள் மறக்கவில்லை. "எங்க, வாயத் தொறந்து காட்டு."

நாற்பத்தைந்து வயதில் சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து காட்டினேன். நாக்கைத் தூக்கச் சொன்னாள், தூக்கினேன். அதன்பிறகுதான் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். நிதானமாக மென்றாள். இன்னொன்று எடுத்தாள்.

"ஏடி, இதுக்காடி நீங்க அப்படி அடிச்சுக்கிட்டீங்க?"

கடைக் காளானில் சத்து இருக்கிறது. ருசி நாம் போடுகிற மசாலாதான். அந்தச் செம்மண் வாசனையும், மெல்லும்போது நாட்டுக்கோழி மாதிரி நார் நாராகப் பிரிகிற அந்தச் சதையும் அதில் ஏது? அப்பா போய்வந்த காட்டில் இப்போது கண்ணுக்கெட்டிய தூரம் தைல மரம் நிற்கிறது. மண் அள்ளும் எந்திரத்தை விட்டுப் புற்றையெல்லாம் நிரவிவிட்டார்கள். புரட்டாசியில் இடி இடிக்கிறது, ஒன்றும் முளைப்பதில்லை. இனி நான் தலைகீழாக நின்றாலும் அவளுக்கு ஒரு வாய் புத்துக் காளான் கொடுக்க முடியாது.

"ஆமாம்மா" என்றேன். "இதேதான்."

"ப்பூ, அப்ப நான் ஒண்ணும் பெருசா விட்டுரலை" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் சோற்றைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள் அம்மா.