டாப்பெட் சத்தம்

“அந்தக் கதவுக் கைப்பிடிக்கு டூப்ளிகேட் கேபிள் போடுங்க சார். இன்னைக்கே.”

முதலாளியின் முகத்துக்கு நேராக இதைக் கேட்டேன். வேலைக்குச் சேர்ந்த அன்றே, எதைக் கேட்டாலும் இதை மட்டும் கேட்காதே என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். “லீவு கேளு, அட்வான்ஸ் கேளு, சார் கோவிச்சுக்க மாட்டார். டூப்ளிகேட்ங்கற வார்த்தை மட்டும் அந்த ரூம்ல உன் வாயிலேருந்து வரக் கூடாது இன்ஜினியரம்மா” என்றார் டிரைவர் அண்ணன்.

ஏன் கேட்டேன் என்பதைத்தான் எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். பேய் என்று யாராவது பேச்செடுத்தால் முதலில் சிரிக்கிற ஆள் நான். எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. அதுவும் ஆட்டோமொபைல். வண்டியில் எந்தச் சத்தம் வந்தாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று படித்தவள். இதற்கும் காரணம் தேடினேன். கிடைத்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

சிவப்பு நிறம். இரண்டே சீட். என் இடுப்பு உயரம்கூட இல்லை. வெளிநாட்டில் கையால் செய்த ஸ்போர்ட்ஸ் கார். செய்த கம்பெனியை மூடியே பல வருஷமாகிறது. முதலாளி வாலிபத்தில் வாங்கியது. இப்போது அவருக்கு முழங்கால் மடங்காது. அவ்வளவு தாழ்வான சீட்டில் இறங்கி உட்கார முடியாது. ஆனால் விற்கவும் மனசில்லை. வாரம் ஒருமுறை அதை ஸ்டார்ட் செய்து எஞ்சினைச் சூடாக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பரெல்லாம் இறுகி, ஆயில் கசிந்து, வண்டி செத்துவிடும். அதைச் செய்யத்தான் நான். துணைக்கு டிரைவர் அண்ணன்.

மூன்று வருஷம் வேலை தேடி அலைந்தவளுக்கு இது கிடைத்தது. என் அப்பா மூட்டை தூக்கி முதுகைப் பறிகொடுத்தவர். இப்போது என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. “பொண்ணு கார் இன்ஜினியர்” என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். ஓடாத காருக்கு இன்ஜினியர் என்று யாரிடம் போய்ச் சொல்ல?

வண்டி இருந்தது வீட்டுக்கு அடியில், நிலவறை கராஜில். அதற்கு நேர் மேலே முதலாளியின் அறை. சுவரில் ஒரு காற்றோட்டக் குழாய் மேலே போகும். நாங்கள் கீழே எஞ்சினை ஓடவிட்டால் அவர் மேலே கண்ணை மூடிக் காபி குடித்துக்கொண்டே கேட்பார். மற்றவர்கள் பாட்டுக் கேட்பதைப் போல.

கராஜுக்கென்று சில சட்டங்கள் இருந்தன.

அக்கம்பக்கத்தார் சத்தத்துக்குச் சண்டைக்கு வந்ததால், ஷட்டரை இறக்கிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். புகை போக சைலன்சரில் ஒரு ரப்பர் குழாய் மாட்டிச் சுவர் வழியாக வெளியே விட்டிருந்தார்கள். குழாயின் முனையில் புகையை இழுக்க ஒரு மின்விசிறி. சீட் தோல் கீறிவிடும் என்று உள்ளே ஏறும் முன் வாட்ச், பெல்ட், போன் எல்லாவற்றையும் கழற்றி மேசையில் வைக்க வேண்டும். ஹார்ன் தானாக அலறுகிறது என்று ஃபியூஸைப் பிடுங்கியாகிவிட்டது. கண்ணாடி ஏற்றி இறக்கும் மோட்டார் எப்போதோ செத்துவிட்டது. கதவு இடிபடாமல் இருக்க இடது பக்கத்தைச் சுவரை ஒட்டி நிறுத்தியிருந்தார்கள்; அந்தக் கதவைத் திறக்க இடமே இல்லை.

கடைசியாக, டிரைவர் பக்கக் கதவு. அதன் உள்பக்கக் கைப்பிடியின் கேபிள் அறுந்து போயிருந்தது. உள்ளேயிருந்து திறக்காது. ஒரிஜினல் கேபிள் உலகத்தில் எங்கும் இல்லை. கடையில் கிடைக்கிற கேபிளை வெட்டி மாட்டினால் அரை நாள் வேலைதான். ஆனால் அது டூப்ளிகேட். அதனால் ஒருவர் உள்ளே உட்கார்ந்தால் இன்னொருவர் வெளியே நிற்க வேண்டும், கதவைத் திறந்துவிட.

இதுதான் ஏற்பாடு. எல்லாம் வண்டியின் மேல் இருந்த அக்கறை.

முதல் வாரமே எனக்கு அந்தச் சத்தம் கேட்டது.

டொக் டொக் டொக்... டொக் டொக்.

“டாப்பெட்” என்றார் அண்ணன், நான் வாயைத் திறப்பதற்குள். எஞ்சினுக்குள் வால்வைத் தட்டித் திறக்கும் இரும்புத் துண்டுகள்தான் டாப்பெட். தேய்ந்துபோனால் இப்படித் தட்டும். நியாயம்தான். இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றின் இடைவெளியையும் அளந்து சரிசெய்தேன்.

அடுத்த வாரமும் கேட்டது.

எஞ்சின் வேகம் கூடினால் டாப்பெட் சத்தமும் வேகமாக வேண்டும். ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்த்தேன். எஞ்சின் சீறியது. அந்தச் சத்தம் மட்டும் அதே நிதானத்தில்... மூன்று. இடைவெளி. இரண்டு.

“சூடு ஆறும்போது இரும்பு சுருங்கும்ல, அதுவா இருக்கும்” என்றார் அண்ணன்.

“எஞ்சின் ஓடிட்டிருக்கும்போது எப்படிண்ணே ஆறும்?”

“படிச்ச புள்ளைங்களோட இதாம்மா வம்பு. கேள்வி கேட்டே வண்டியை ஓட்டிருவீங்க.” சிரித்தார். ஆனால் கார் பக்கம் திரும்பவில்லை.

இன்னொரு நாள் வண்டியைத் துடைக்கப் போனேன். அன்று ஸ்டார்ட் செய்யவே இல்லை. எஞ்சின் ஜில்லென்று கிடந்தது. டிரைவர் பக்கக் கண்ணாடியில் உள்பக்கமாக ஆவி படிந்திருந்தது. யாரோ மூச்சு விட்ட மாதிரி. ஈரப்பதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். துடைத்தேன். திரும்பி வந்து பார்த்தேன்.

மறுபடி படிந்திருந்தது.

எனக்கு முன்னால் யார் இருந்தார்கள் என்று கேட்டேன். “ஸ்பேனர்னு கூப்பிடுவோம். வேற வேலை கிடைச்சுப் போயிட்டான்” என்றார் அண்ணன்.

அந்த நாளுக்கு வருகிறேன். பட்டப்பகல். மத்தியானம் மூன்றரை இருக்கும்.

ஷட்டர் இறங்கியது. மின்விசிறி ஓடியது. போனை மேசையில் வைத்தேன். சீட்டில் உட்கார்ந்து ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டேன். அந்தக் கதவின் கீல் தளர்ந்து போயிருந்தது, தானாகச் சாய்ந்து மூடும். அதனால் அண்ணன் முழங்காலை முட்டுக் கொடுத்து நிற்பது வழக்கம். சாவியைத் திருகினேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் அண்ணனின் போன் அடித்தது. பார்த்தார். “சார் மேல கூப்பிடறார். ஒரு நிமிஷம்மா. காலை உள்ளே இழுத்துடாதே.” மடித்த கம்பளியைக் கதவுக்கு அடியில் திணித்துவிட்டு மாடிப்படி ஏறினார்.

அவர் போன கையோடு கரண்ட் போனது.

விளக்கு அணைந்தது. மின்விசிறி நின்றது.

கும்மிருட்டு. மின்விசிறி இல்லையென்றால் புகை வெளியே போகாது. எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும். சாவி ஸ்டீயரிங்கின் அந்தப் பக்கம். இருட்டில் தடவி எட்டினேன். உடம்பு சாய்ந்தது. என்னை அறியாமல் கால் உள்ளே வந்துவிட்டது.

தொப். கம்பளி விழுந்தது.

டப். கதவு.

சாவியைத் திருகினேன். பழைய எஞ்சின் சில சமயம் அணைத்த பிறகும் கொஞ்சம் இருமிவிட்டுத்தான் நிற்கும். அது எனக்குத் தெரியும். இது இருமவில்லை.

சீராக ஓடியது.

சாவியை உருவி எடுத்தேன். கையில் இருக்கிறது சாவி. எஞ்சின் ஓடுகிறது.

கியரில் போட்டு எஞ்சினைத் திணறடிக்கலாம் என்று லிவரைப் பிடித்தேன். அசையவில்லை. அதன் உருண்டைத் தலை வெதுவெதுப்பாக இருந்தது. அதுவரை நான் அதைத் தொடவே இல்லை.

உள்கைப்பிடியை இழுத்தேன். தொளதொளவென்று ஆடியது. தோளால் கதவை இடித்தேன். செருப்பால் கண்ணாடியை அடித்தேன். ரப்பர் செருப்பு. அதுவும் வண்டிக்காகத்தான், ஷூ போடக் கூடாதாம்.

தொண்டை கரித்தது. தலை கனத்தது.

“அண்ணே!”

எஞ்சின் என் குரலைத் தின்றது.

ங்ங்ங்ங்...

முன்னால் ஏதோ எழுந்தது. பானெட்டுக்குள் மடங்கிக் கிடந்து எழும்பும் ஹெட்லைட். இரண்டில் ஒன்று மட்டும். அது இப்படித்தான், ஒயரிங் கெட்டு எப்போதாவது தானாக எழும். “மகாராணி ஒத்தைக் கண்ணால முறைக்கிறா பாரு” என்று நாங்கள் சிரித்திருக்கிறோம்.

வெளிச்சம் ஷட்டரில் பட்டுத் திரும்பி உள்ளே விழுந்தது.

கண்ணாடி முழுக்க ஆவி.

கையை முஷ்டியாக்கித் தட்டினேன். மூன்று முறை. கை வலித்தது. நிறுத்தினேன். மூச்சு வாங்கினேன். மறுபடி இரண்டு.

டொக் டொக் டொக்... டொக் டொக்.

அப்போதுதான் புரிந்தது.

இத்தனை வாரமாக நான் கேட்ட சத்தம்...

டாப்பெட் இல்லை.

கையை எடுத்துவிட்டேன். மடியில் வைத்துக்கொண்டேன்.

டொக் டொக் டொக்...

என் காதுக்குப் பக்கத்தில்.

...டொக் டொக்.

ஆவி படிந்த கண்ணாடியில் என் முட்டி பட்ட இடம் தெரிந்தது. அதற்கு ஒரு சாண் மேலே இன்னொன்று. பெரிய முட்டி. நான் பார்க்கப் பார்க்கவே...

தடம் ஒவ்வொன்றாக விழுந்தது.

உள்பக்கம்.

கத்த வாய் வரவில்லை. கண் செருகியது.

கதவு திறந்தது. அண்ணன் என் அக்குளில் கைகொடுத்து வெளியே இழுத்தார். இழுத்த இழுப்பில் ஷட்டர் வரை கொண்டுபோய், அதைக் கையாலேயே தூக்கி, வெயிலில் போட்டார். எனக்குப் பின்னால் எஞ்சின் தானாக நின்றது. கதவு சாய்ந்து மூடிக்கொண்டது.

நான் வாந்தியெடுத்து முடிக்கும்வரை முதுகைத் தடவிக்கொடுத்தார். அப்புறம் கேட்டார்.

“உள்ளே உன்கூட யாரும்மா?”

“யாரும் இல்லண்ணே.”

“படியிறங்கும்போது கேட்டேன். ரெண்டு பேர் தட்டினாங்க.”

அன்றுதான் சொன்னார். ஸ்பேனர் எந்த வேலைக்கும் போகவில்லை. அதே சீட்டில், அதே கதவு மூடி, அதே புகையில் போய்விட்டான். வெளியே நெஞ்சுவலி என்று சொல்லிவிட்டார்கள். கதவுக்குக் காவல் நின்றவர் அன்றும் அண்ணன்தான். அன்றும் சார் மேலே கூப்பிட்டார்.

“எதுக்குண்ணே கூப்பிட்டார்?”

அண்ணன் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

மறுநாள் காலையில்தான் முதலாளியின் அறைக்குள் போய் அந்தக் கேள்வியைக் கேட்டேன். டூப்ளிகேட் கேபிள்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். காபியை மெதுவாகக் கீழே வைத்தார்.

“உனக்கு நேத்து ஏதோ மயக்கமாமே. ரெண்டு நாள் ரெஸ்ட் எடு. டூப்ளிகேட் பேச்சு வேண்டாம். ஒரு கம்பி மாத்தினாகூட அது அப்புறம் என் வண்டி இல்ல.”

“நேத்து செத்திருப்பேன் சார்.”

“கதவை மூடக் கூடாதுன்னு சொல்லியிருக்குல்லம்மா?” குரலை உயர்த்தவே இல்லை. “அதை விடு. நீ டாப்பெட்டைச் சரிபண்ணினதா சொன்னே. நேத்து ஸ்டார்ட் பண்ணின உடனேயே அடிக்க ஆரம்பிச்சிடுச்சே? இங்க நல்லாவே கேட்டுது. அதான் டிரைவரைக் கூப்பிட்டேன், வந்து கேளுன்னு.”

அவர் அண்ணனைக் கூப்பிட்டபோது கதவு திறந்திருந்தது. என் ஒரு கால் வெளியே இருந்தது. கரண்ட் இருந்தது. நான் எதையும் தட்டவில்லை.

“சார்... ஸ்பேனர் அண்ணன் போன அன்னைக்கும் கேட்டுச்சா?”

யோசித்தார். நிஜமாகவே நினைவுபடுத்திப் பார்த்தார்.

“அன்னைக்குத்தான் முதல் தடவை. டிரைவரும் இங்கதான் நின்னுட்டிருந்தான். டாப்பெட்டா, வேற ஏதாவதான்னு ரெண்டு பேரும் பேசிட்டிருந்தோம். ரொம்ப நேரம் அடிச்சுது.”

காபியை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

“அப்புறம் தானா நின்னுடுச்சு.”

இதற்கு மேல் அந்த மனிதரிடம் என்ன கேட்பது? கத்தலாம். கத்தினால் டாப்பெட் என்பார். போலீசுக்குப் போனால் நெஞ்சுவலி என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் காட்டுவார்கள். என் அப்பாவின் முதுகு போனபோதும் இப்படித்தான் ஒருவர் அமைதியாக உட்கார்ந்து பேசினார்.

எழுந்தேன். “அந்தக் கண்ணாடியும் ஒரிஜினல்தானே சார்?”

“ஆமா. போனா போனதுதான். இன்னொண்ணு கிடைக்காது.”

“சரி சார்.”

வெளியே வந்து படியிறங்கினேன். பாதிப் படியில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்து நகர்ந்து வழிவிட்டார்.

“வேலை போயிடும்மா” என்றார். தடுக்கிற குரல் இல்லை அது.

“போகட்டும்ணே.”

கீழே மேசையில் இருந்த பெரிய சுத்தியலை எடுத்தேன். சாவி என் பையில்தான் இருந்தது. யாரும் ஸ்டார்ட் செய்யவில்லை.

டொக் டொக் டொக்...

“இருங்க ஸ்பேனர் அண்ணே” என்றேன். “வந்துட்டேன்.”